பாயிண்ட்ஸ்மேன் நடந்த தூரம்

என் கம்ப்யூட்டரில் 'ரயில் யோசனைகள்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஆபீஸ் வேலைக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தால் அதைத் திறந்து ஒரு வரி சேர்ப்பேன். பழைய காலத்து ரயிலைக் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டிப் பார்க்கிற மென்பொருள்களுக்கான யோசனைகள். காவிரிப் பாலத்தின் மேல் நீராவி இஞ்சினை ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்ச் சேருவது. பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேருக்கு வந்த இஞ்சினைப் பிரித்து, சரி செய்து, திரும்ப மாட்டி அனுப்புவது. வைகுண்ட ஏகாதசிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிற ஸ்பெஷல் வண்டிகளுக்கு ஒரு சின்ன ஸ்டேஷனில் இடம் பண்ணிக்கொடுப்பது. இப்படி நாற்பது ஐம்பது வரி சேர்ந்துவிட்டது. செய்து முடித்தது ஒன்றுகூட இல்லை.

எனக்கும் ரயில்வேக்கும் எந்த உறவும் கிடையாது. எங்களுடையது தொட்டியத்தில் வாழை போடுகிற குடும்பம். எங்கள் ஊருக்கு ரயில் வராது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போகவேண்டும். அதனால்தானோ என்னவோ, பாதை ஓரத்தில் பிறந்தவர்களைவிட எனக்கு அதன்மேல் ஆசை அதிகம். படித்து, சென்னை பெங்களூர் என்று சுற்றிவிட்டு, இப்போது ஊர்ப்பக்கமே திரும்பி, பொன்மலையை அடுத்த கே.கே. நகரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் மென்பொருள் எழுதுகிற வேலை. யார் எப்போது டாக்டரிடம் உள்ளே போவது, யார் வெளியே உட்கார்ந்திருப்பது என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு.

ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் விடுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அந்தக் காலத்தில் ஒரு டோக்கன் உண்டு. அது கையில் இல்லாமல் டிரைவர் நகரமாட்டார். பக்கத்து ஸ்டேஷன்காரர் மணியடித்துச் சம்மதம் சொல்லாமல் டோக்கன் பெட்டியிலிருந்து வெளியே வராது. இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ரயில் விளையாட்டு செய்கிறவர்கள் எல்லோரும் ஆட்டக்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைக்கிறார்கள். நான் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன? ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, மீட்டர் கேஜ் காலத்தில், அடுத்தடுத்து மூன்று சின்ன ஸ்டேஷன்கள். மேஜை, மணி, டோக்கன் பெட்டி, கைகாட்டி சிக்னல். அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் ஒரு மாதிரி ஓட ஆரம்பித்தது. ரயில் பைத்தியங்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் படம் போட்டேன். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பதினோராவதாக ஒரு செய்தி வந்தது. 'நடுவில் இருக்கிற ஸ்டேஷனில் நான் குடியிருந்தேன். நீங்கள் ஆபீஸை எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறீர்கள்.'

எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிற, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். உத்தர வீதியில் ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும், "பெருமாள் சேவிச்சுட்டு இப்பத்தான் வந்தேன், உட்காருங்கோ" என்றார். காபிக்கு முன்னாடியே ஒரு கிராஃப் தாளை என் முன்னால் விரித்தார். அந்த ஸ்டேஷன் முழுக்க அதில் இருந்தது. நேரான பாதை, அதிலிருந்து பிரிந்து ஸ்டேஷனுக்குள் ஒரு வண்டியை ஒதுக்கி நிறுத்துகிற லூப் பாதை, ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி, குவார்ட்டர்ஸ். பென்சில் கோடுகள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துப் போட்டது.

"அளவு எப்படித் தெரியும் டீச்சர்?"

"தண்டவாளத்துக்குக் கீழ கட்டை போட்டிருப்பாளோல்லியோ, அதை எண்ணிண்டே நடப்பேன். எனக்கு அப்போ பத்து வயசு. வேற என்ன விளையாட்டு அங்க?"

அவருடைய அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. டீச்சர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்துப் பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தார். மேலதிகாரி அப்பாவிடம் விளக்கம் கேட்ட மெமோவின் நகல். வடக்கே போகிற பாசஞ்சர் வண்டி மத்தியானம் இரண்டு பத்திலிருந்து இரண்டு முப்பத்திரண்டு வரை ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில் நின்றது. வடக்கிலிருந்து வந்த கூட்ஸ் வண்டி லூப் பாதையில் இருந்தது. பாசஞ்சரை உள்ளே எடுக்காதது ஏன்? பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் ஒரே வரி. தாமதத்துக்கு நானே பொறுப்பு.

"தூங்கிட்டார்னு சொல்லி மாத்திட்டா. ராமநாதபுரம் பக்கம். பாதி வருஷத்துல ஸ்கூல் மாறினோம்" என்றார். "உங்க கேம்ல அந்த ஒரு நாளைப் போட்டுக் காட்ட முடியுமா? அவர் தூங்கினாரா இல்லையான்னு தெரியணும்."

முடியும் என்றுதான் நினைத்தேன். பழைய கால அட்டவணை ஒன்று என்னிடம் இருந்தது. டீச்சரின் வரைபடத்தை அப்படியே உள்ளே ஏற்றினேன். கூட்ஸை லூப்பில் நிறுத்தி, பாசஞ்சரை இரண்டு பத்துக்குச் சிக்னலுக்குக் கொண்டுவந்தேன். ஓட்டினேன். தாமதமே வரவில்லை. கூட்ஸ் ஒதுங்கியிருக்கிறது, நேர்ப்பாதை காலியாக இருக்கிறது, கைகாட்டியை இறக்கினால் பாசஞ்சர் உள்ளே வந்துவிடுகிறது. இருபது தடவை வேகத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். அந்த இருபத்திரண்டு நிமிஷம் வரவேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. நாற்காலியில் இருக்கிறவர் எதுவும் செய்யாமல் இருக்கவேண்டும்.

இதைச் சொல்ல மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது பேசாமல் திரும்பிவிடலாமா என்று இருந்தது. லேப்டாப்பைத் திறந்து காட்டிவிட்டு, "வேற காரணம் எனக்குத் தெரியலை டீச்சர்" என்றேன்.

அவர் அசையவில்லை. "ஆமா. தூங்கத்தான் தூங்கினார். நான் பார்த்தேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பார்த்தீங்களா? அப்புறம் ஏன் என்னைக் கேட்டீங்க?"

டீச்சர் சொன்னார். "அன்னிக்கு ஸ்கூல் லீவு. அம்மா தளிகை முடிக்க நாழியாயிடுத்து. நான்தான் அப்பாவுக்குச் சாதம் எடுத்துண்டு போனேன். வெளியில பாசஞ்சர் இஞ்சின் கத்திண்டே இருக்கு. உள்ள போய்ப் பார்த்தா அப்பா மேஜைல தலையைக் கவுத்துண்டு இருக்கார். கேரியரைப் பக்கத்துல வச்சுட்டு வந்துட்டேன். எழுப்பலை. ரெண்டு நாள் கழிச்சு விசாரிக்கறதுக்கு ஒருத்தர் வந்தார். நான் வெளியில விளையாடிண்டிருந்தேன். 'பாப்பா, அன்னிக்கு அப்பா என்ன பண்ணிண்டிருந்தார்?'னு கேட்டார். தூங்கிண்டிருந்தார்னு சொன்னேன்."

என் லேப்டாப்பை அவரே மூடி என் பக்கம் தள்ளினார்.

"அப்பா ஒரு நாள்கூட என்னை அதைப் பத்திக் கேட்கலை. நானும் சொல்லலை. அவர் போற வரைக்கும். நான் சொன்னது தப்பா இருக்கணும்னு வேண்டிண்டுதான் உங்களைக் கூப்பிட்டேன். போறது, விடுங்கோ."

எதையாவது கேட்டு வைக்கவேண்டுமே என்று, "குவார்ட்டர்ஸ் அந்தப் பக்கம்தானே, பாதையை எப்படித் தாண்டினீங்க?" என்றேன்.

"எப்பவும் தாண்டற இடத்துல கூட்ஸ் நின்னுண்டிருந்தது. வண்டிக்கு அடியில போகக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார். அதனால கடைசி வரைக்கும் போய் கார்டு பெட்டியைச் சுத்திண்டு வந்தேன். வெயில்ல கால் சுட்டுது."

"எந்த இடம்? இதுல காட்டுங்க."

கிராஃப் தாளில் விரலை வைத்தார். அந்த விரலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில், இரண்டு பாதைகளும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், அவரே ஒரு சின்ன வட்டம் போட்டு 'வெள்ளைக் கல்' என்று எழுதியிருந்தார். லூப்பில் நிற்கிற வண்டி முழுதும் அந்தக் கல்லுக்கு உள்ளே அடங்கவேண்டும். கல்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வண்டியின் வால் நேர்ப்பாதையை மறிக்கிறது என்று பொருள்.

"டீச்சர், கார்டு பெட்டி கல்லுக்கு வெளியில நின்னுச்சா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கல்லு மேல ஏறிக் குதிக்கறது எனக்கு வழக்கம். அன்னிக்குக் குதிக்கலை. கல்லை மறைச்சுண்டு, அதையும் தாண்டி வண்டி நின்னுது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன்?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டேன். அரைகுறையாக எதையும் சொல்லப் பயமாக இருந்தது.

என்னிடமிருந்த பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் புரிந்துகொண்டது இதுதான். வால் வெளியே நீண்டிருந்தால் கைகாட்டியை இறக்கிப் பாசஞ்சரை உள்ளே எடுக்கக்கூடாது. ஒரு ஆள் போய் வால் எங்கே நிற்கிறதென்று பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னலைத் தாண்டி மெதுவாக வந்து பிளாட்பாரத்தோடு நிற்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க, அதை அந்த ஆள் எதிர்க்கோடியில் நிற்கிற பாசஞ்சர் டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அந்த ஸ்டேஷனில் ஒரு வேளைக்கு, பாதையை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர்தான் என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். இதையெல்லாம் சேர்த்து ஓட்டினேன். இரண்டு நிமிஷம் தாமதம் வந்தது. இருபத்திரண்டு எங்கே, இரண்டு எங்கே?

என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலம் வந்ததும் பையை வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஆளு இங்க இருந்தாரு, உடனே அங்க இருக்காரு. எப்படிப் போனாரு?"

"கிளிக் பண்ணினா போயிடுவாரு."

"அப்ப உங்க ஸ்டேஷன்ல யாரும் நடக்கவே மாட்டாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இருபது வருஷமாக ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதுகிறேன். அதிலும் டோக்கன் நம்பர் வந்தவுடன் நோயாளி டாக்டர் முன்னால் இருப்பார். நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியைத் தேடி, செருப்பு மாட்டிக்கொண்டு போகிற நேரத்தை நான் எதிலும் வைத்ததில்லை. அவளுக்கு வேலையே அதுதான். ஆபரேஷன் முடிந்தவர்களை வராந்தாவில் நடக்கவிட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறவள்.

"ஜல்லி மேல நடக்கறது ரோட்டுல நடக்கற மாதிரி இருக்காதுங்க. பாதம் திரும்பும். பாதி வேகம்தான் வரும்" என்றாள். "சும்மா யூகிக்காதீங்க. அளந்துடலாம்."

அந்தச் சனிக்கிழமை காலை பொன்மலைக்குப் போனோம். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மைதானத்தின் ஓரமாக, ரோடு போடுவதற்காக நீளமாக ஜல்லி பரப்பி வைத்திருந்தார்கள். அவள் டேப் பிடித்து அளந்து அடையாளம் வைத்தாள். நான் நடந்தேன். போய், திரும்பி, மறுபடி போய். நாலாவது தடவை கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்னங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லங்க, நடந்து பார்க்கறோம்" என்றாள் என் மனைவி. அவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரிங்க" என்று பெடலை மிதித்தார்.

அன்று மத்தியானம் அந்த நடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாயிண்ட்ஸ்மேன் ஆபீஸிலிருந்து கூட்ஸின் வால் வரை போக ஆறு நிமிஷம். திரும்ப ஆறு. சீட்டு எழுத இரண்டு. எதிர்க்கோடிக்கு நடக்க எட்டு. கூட்டினால் இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி ஓட்டியபோது இருபதுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் வந்துகொண்டே இருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பாயிண்ட்ஸ்மேன் வால்வரை போய்த் திரும்புகிற அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எந்த வேலையும் கிடையாது. இஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அவர் செய்வதற்கு எதுவும் இல்லை. காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்ககிட்ட உறுதியாச் சொல்லிடுங்க. அப்பா மேல தப்பே இல்லன்னு. இத்தனை வருஷம் சுமந்திருக்காங்க, பாவம்" என்றாள்.

"உறுதியாத் தெரியாதே. வால் வெளியில நின்னது அவங்க ஞாபகம். பாயிண்ட்ஸ்மேன் நடந்தது என் யூகம். என் நடையை அவருக்குக் கொடுத்திருக்கேன்."

"இருந்தா என்ன?"

இரண்டு நாள் அதை யோசித்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. யாருக்கு நஷ்டம்? ஆனால் அவர் கணக்கு டீச்சர். ஒரு வரி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு என்னையும் நம்பமாட்டார், அப்பாவையும் நம்பமாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அவர் மேஜையில் லேப்டாப்பை வைத்து ஓட்டிக் காட்டினேன். பாயிண்ட்ஸ்மேன் ஒரு புள்ளியாக மெதுவாக வாலை நோக்கிப் போனார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு புள்ளியையே பார்த்தார். முடிந்ததும், "இது நடந்ததா, நடந்திருக்கலாமா?" என்று கேட்டார்.

"நடந்திருக்கலாம் டீச்சர்."

"எது தெரிஞ்சது, எது நீங்க போட்டது?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து மூன்று நிறத்தில் குறித்துக்கொண்டார். மெமோவில் இருப்பது கறுப்பு. அவர் ஞாபகம் நீலம். நான் யூகித்தது பென்சில். முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கார்டு பெட்டிக்குப் பக்கத்துல பாயிண்ட்ஸ்மேன் நின்னு கார்டோட பேசிண்டிருந்தார். இப்போ ஞாபகம் வரது" என்றார். உடனே தலையை ஆட்டினார். "இல்ல, இதை எழுதாதீங்கோ. நீங்க புள்ளியைக் காட்டினதுக்கு அப்புறம் வர ஞாபகம் இது. நம்பப்படாது."

அவரை அதுவரை நான் மரியாதையோடுதான் பார்த்திருந்தேன். அந்த நிமிஷம் பயம் கலந்த மரியாதை வந்தது. அவருக்கு வேண்டிய சாட்சி கைக்கு வந்தது. வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"சரி, நான் உள்ள போனது பாயிண்ட்ஸ்மேன் திரும்பி வரதுக்கு முன்னாடிதான். அப்பா தனியாத்தான் இருந்தார்" என்று மெதுவாகக் கணக்குப் போட்டார். "அப்போ அவர் முழிச்சிண்டிருந்தாலும் வண்டி இருபத்திரண்டு நிமிஷம் நின்னிருக்கும். தூங்கினாலும் அதே இருபத்திரண்டு. அப்படித்தானே?"

"வால் வெளியில இருந்திருந்தா, ஆமா."

"அப்போ தூங்கினா தூங்கட்டுமே" என்றார். "விடிகாலைலேர்ந்து டியூட்டி. சாப்பிடலை. பன்னெண்டு நிமிஷம். தூங்கட்டும்."

எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வரும்போது கையில் காபி இருந்தது. அப்பா ஏன் கூட்ஸின் நீளத்தைப் பற்றி அந்த விளக்கத்தில் எழுதவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது.

"வாலைப் பார்க்க ஆள் அனுப்பினேன், முழிச்சிண்டுதான் இருந்தேன்னு எழுதினா, அவர் பொண்ணு பொய் சொன்னான்னு ஆயிடும்" என்றார். பிறகு அந்த வாக்கியத்தையும் தாளில் எழுதினார். பென்சிலால்.

அந்த மூன்று நிறங்களை அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவந்தேன். பழைய ரயிலைப் பற்றி யார் எதைச் செய்தாலும் திரையில் எல்லாம் ஒரே பளபளப்பில்தான் இருக்கும். ஆவணத்தில் இருந்த இஞ்சினும், செய்தவர் மனசில் உதித்த மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். என்னுடையதில் இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் தெரிந்தது கறுப்பாகவும், ஞாபகம் நீலமாகவும், யூகம் மங்கலாகவும் மாறும். முதல் தடவை அழுத்தியபோது என் ஸ்டேஷனில் முக்கால்வாசி மங்கிப்போனது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஐம்பது யோசனைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் நடக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஏகாதசி ஸ்பெஷல் யோசனையில் அது மட்டுமே ஆறு பக்கம் வந்திருக்கிறது.

டீச்சர் இப்போது தினமும் காலையில் அந்த ஸ்டேஷனை நடத்துகிறார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து மணியடிக்கிறார், டோக்கன் எடுக்கிறார். பத்து மணிக்குள் எனக்கு போன் வந்துவிடும். லூப்புக்குள் வருகிற வண்டி இவ்வளவு வேகமாக வராது. தண்ணீர்த் தொட்டி இவ்வளவு உயரம் இல்லை. போன மாதம் ஒரு நாள் வேறு புகார்.

"உங்க பாயிண்ட்ஸ்மேன் இவ்வளவு வேகமா நடக்கமாட்டார். நீங்க காலைல, காத்தாட, பொன்மலைல நடந்தேள். அது சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணி. அவர் உங்களைவிடப் பத்து வயசு பெரியவர்."

"வேகத்தைக் குறைச்சா இருபத்துநாலு நிமிஷம் வருது டீச்சர். மெமோவுல இருபத்திரண்டுதானே இருக்கு. இப்ப சரியாப் பொருந்தியிருக்கு."

"பொருந்தணும்னு அந்த மனுஷரை வெயில்ல ஓட விடுவேளா?"

வேகத்தைக் குறைத்தேன். இரண்டு நிமிஷம் உதைத்தது. காரணம் தேடினோம், கிடைக்கவில்லை. மெமோ எழுதியவரின் கடிகாரமாக இருக்கலாம், என் தூரமாக இருக்கலாம், டீச்சரின் கட்டைக் கணக்காகவும் இருக்கலாம். திரையின் ஓரத்தில் 'இரண்டு நிமிஷம், காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி போட்டோம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று டீச்சர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "சரி, இப்போ எல்லாருக்கும் கொடுங்கோ" என்றார். அன்றே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.